சக்கரம் நின்றால் நிதி

காலை பத்தேகால் ஆகியும் சக்கரம் நிற்கவில்லை.

பட்டறைக்காரர் அதன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இரும்புச் சட்டத்தில் மார்பளவு உயரத்துக்கு ஒரு கனத்த சக்கரம். அதன் நடுவில் அவர் கையால் கடைந்த பேரிங். எண்ணெய் வேண்டாத பேரிங். அரசாங்கத்துக்குப் போன விண்ணப்பத்தில் விஷயத்தை மறைக்காமல் எழுதியிருந்தது: எண்ணெய் இல்லாமல் ஓடும், ஆனால் அரை மணியில் சூடேறி இறுகி நின்றுவிடும். ஏன் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நிதி வேண்டும்.

இதுவரை செய்தவை எல்லாம் சொன்ன வாக்குத் தவறாமல் அரை மணியில் நின்றன. இன்று விடிந்ததும் புதிதாக ஒன்றை மாட்டினார். மோட்டார் கிழடு. ஸ்விட்சைப் போட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால்தான் கிளம்பும். தள்ளினார். கிளம்பியது. அப்போது கிளம்பியதுதான்.

"இன்னும் நிக்கலையா?" உள்ளே வந்த மைத்துனன் தலையில் கை வைத்தான். "பத்தரைக்குக் குழு வந்துடும் மாமா!"

"நான் என்ன மாப்ள பண்றது? நல்லா ஓடுது."

"நல்லா ஓடக் கூடாது மாமா!"

விண்ணப்பம் எழுதியவன் அவன்தான். சிறுதொழில் ஆராய்ச்சி நிதி பற்றி ஒரே ஒரு பயிலரங்குக்குப் போய் வந்தவன். அன்றிலிருந்து யார் தும்மினாலும் அதற்கொரு அரசுத் திட்டம் சொல்வான்.

"தெரியாததைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பணம். ஓடுறதுக்கு யார் குடுப்பா? நோயாளியே எழுந்து நடந்தா டாக்டருக்கு என்ன வேலை?"

"ஓடுதுன்னா வித்துட்டுப் போயேன்டா," என்றாள் பட்டறைக்காரரின் மனைவி. மூலையில் பழைய சரக்குக்கு அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணை யார்கிட்ட விப்பே அக்கா? அடுத்தது ஓடுமா? உன் வீட்டுக்காரரையே கேளு."

அவர் உதட்டைப் பிதுக்கினார். அதே இரும்பு, அதே கடைசல், அதே கை. மற்றவை ஏன் நின்றன என்று தெரியாதது போலவே, இது ஏன் நிற்கவில்லை என்றும் அவருக்குத் தெரியாது. நிதி வந்தால் நல்ல அளவுக் கருவிகள் வாங்கிப் பார்க்கலாம். வராவிட்டால் மாதக் கடைசியில் பட்டறைக்குப் பூட்டு. வாசலில் உட்கார்ந்திருக்கும் நான்கு வேலையாட்களிடம் அதை எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்துவிட்டார்.

வேலையாட்களை வெளியே உட்கார வைத்ததும் மைத்துனன்தான். இன்று வேறு எந்த இயந்திரத்தையும் தொடக் கூடாது என்று உத்தரவு. பேரிங் இறுகும்போது வரும் அலறல் குழுவின் காதில் சுத்தமாக விழ வேண்டுமாம்.

அலறல் வரவில்லை. கூரைக் கண்ணாடி வழியே வெயில் சக்கரத்தின் மேல் விழுந்தது. அது சுற்றுகிறது என்பதே வெயில் மினுங்குவதை வைத்துத்தான் தெரிந்தது.

"ஸ்விட்சை அணைச்சுட்டு, நின்னுபோச்சுன்னு சொல்லிடலாமே," என்றாள் மனைவி.

"அணைச்சு நின்னா அதுக்குப் பேரு ஓய்வு அக்கா. ஓடும்போதே மூச்சு முட்டி நிக்கணும். அவங்க கண்ணால பாக்கணும்."

மைத்துனன் கடைசல் இயந்திரத்தின் அடியிலிருந்து ஒரு கை இரும்புத்தூளை அள்ளி வந்தான்.

"டேய், வேணாம்," என்றார் பட்டறைக்காரர். சொன்ன பிறகுதான் தன் குரலில் இருந்த பதற்றம் அவருக்கே கேட்டது.

"பூட்டா, சக்கரமா? நீங்களே சொல்லுங்க மாமா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மைத்துனன் தூளைப் பேரிங்கின் இடுக்கில் போட்டான். கர்ரென்று ஒரு சத்தம். மூவரும் நிமிர்ந்தார்கள். சத்தம் மெலிந்தது, தேய்ந்தது, இல்லாமல் போனது. தூள் மறுபக்கமாகப் பொலபொலவென்று கொட்டியது. குனிந்து பார்த்தபோது பேரிங்கின் உதடு கண்ணாடி போலப் பளபளத்தது.

"சாணை பிடிச்சுக் குடுத்திருக்கே," என்றாள் மனைவி.

மைத்துனன் ஸ்பேனரை எடுத்தான். சட்டத்தின் நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தினான். சட்டம் ஆடியது. சக்கரம் குலுங்கியது. இரண்டு சுற்றுக்கு விழுந்துவிடும் போலிருந்தது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டாற்போல் நிதானத்துக்கு வந்தது. ஆட்டம் அடங்கியது. இதுவரை இருந்த இம்மியளவு முணுமுணுப்பும் போய்விட்டது.

பட்டறையில் அப்படி ஓர் அமைதியை அவர்கள் யாரும் கேட்டதில்லை.

பட்டறைக்காரர் எழுந்து நின்றார். முப்பது வருடமாகச் சக்கரங்கள் கத்துவதைக் கேட்டே பழகியவர். வீட்டில் தொலைக்காட்சியை அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி வைப்பவர். இப்போது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். தன் கையால் செய்த ஒன்றைத் தானே அண்ணாந்து பார்ப்பதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

மனைவி மடித்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, இதை நீங்கதான் செஞ்சீங்களா?"

"ஆமான்னுதான் நினைக்கிறேன்."

வாசலிலிருந்து வேலையாட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டார்.

"எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டு நில்லுங்க!" மைத்துனன் ஒரு மரப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். சக்கரத்தின் விளிம்பில் அதை அழுத்தி, தன் முழு உடம்பையும் அதன் மேல் சாய்த்தான். பலகை புகைந்தது. மைத்துனன் வியர்த்தான். சக்கரம் இருவரையும் பொருட்படுத்தவில்லை.

"நில்லேன்டா," என்று கெஞ்சினான். "உன் கால்ல விழறேன், ஒரு அஞ்சு நிமிஷம் நில்லேன்."

"அடடே, பளு வெச்சே சோதிக்கிறீங்களா!"

வாசலில் குழு நின்றிருந்தது. ஒரு பேராசிரியை, தோளில் பையோடு ஓர் அதிகாரி. மைத்துனன் பலகையைக் கட்டிப்பிடித்தபடியே வணக்கம் சொன்னான்.

பேராசிரியை நேரே சக்கரத்திடம் போனார். ஒரு ஸ்குரூடிரைவரை வாங்கி, அதன் முனையைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு மறு காதை வைத்தார். அதிகாரி சிறிய வெப்பமானியை நீட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார்.

"அறை வெப்பம்தான் மேடம் காட்டுது."

"எண்ணெய்?"

"ஒரு சொட்டு இல்லை."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "நான் எத்தனையோ பெரிய ஆய்வுக்கூடங்கள்ல இந்த மாதிரி சோதனை பார்த்திருக்கேன். இவ்வளவு அழகா ஒண்ணு சுத்தி நான் பார்த்ததில்லை."

பட்டறைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைத்துனனும் துடைத்துக்கொண்டான். காரணம்தான் வேறு.

"இதுக்கு மணல் வாரிப் போட்டாக்கூட ஓடும் போலிருக்கே," என்றார் அதிகாரி.

"இரும்புத்தூள்," என்று வாய் தவறிச் சொன்னாள் மனைவி. "போட்டுப் பாத்தாச்சு."

"போல்ட்டையும் தளர்த்தியிருக்கீங்க. பலகை வேற." பேராசிரியை வியப்போடு மைத்துனனைப் பார்த்தார். "இவ்வளவு கடுமையான சோதனைகளை யார் யோசிச்சது?"

மைத்துனன் தரையைப் பார்த்தான். "குடும்பமா சேர்ந்து யோசிச்சோம் மேடம்."

பேராசிரியை ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் மாறியது.

"விண்ணப்பத்துல அரை மணியில நின்னுடும்னு எழுதியிருக்கீங்க. நிக்கலை. சூடேறும்னு எழுதியிருக்கீங்க. ஏறலை. இப்ப உங்க கேள்வி என்ன?"

மைத்துனன் பலகையின் கரிந்த விளிம்பைச் சுரண்டினான்.

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா எங்க பணம் கேள்விக்குத்தான். பதில் கிடைச்சாச்சுன்னா அங்க எங்களுக்கு வேலை இல்லை."

"அம்மா," பட்டறைக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். "இது ஏன் ஓடுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

மைத்துனன் முகத்தில் சட்டென்று வெளிச்சம். "பாத்தீங்களா மேடம்! தெரியாது! கேள்வி வந்துடுச்சு!"

பேராசிரியை புன்னகைத்தார். "உங்களுக்கு மட்டும் தெரியலைன்னா, அது படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியது. உலகத்துல யாருக்குமே தெரியலைன்னாதான் ஆராய்ச்சி. நல்லா கடைஞ்சிருக்கீங்க, வழவழன்னு இருக்கு, தேயலை. மோட்டார் சுத்துது, அதனால சக்கரம் சுத்துது. இதுல யாருக்கும் புரியாதது என்னங்க இருக்கு?"

பட்டறைக்காரர் யோசித்தார். ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் சொல்வது நியாயமாகவே பட்டது. அதுதான் வலித்தது. வாசலில் இருந்த நான்கு தலைகளையும் பார்த்தார். ஒத்திகை பார்த்த வாக்கியம் எப்படித் தொடங்கும் என்பது மறந்துபோயிருந்தது.

அதிகாரி பையை மூடினார். பேராசிரியை எழுந்தார். போகிற போக்கில் சக்கரத்தின் அருகே ஒரு கணம் நின்று, தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மனைவி மறுபடி பெட்டி மடிக்க உட்கார்ந்தாள். மைத்துனன் பலகையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"யாருங்க உள்ள?"

வாசலில் வேலையாட்களை விலக்கிக்கொண்டு ஒருவன் எட்டிப் பார்த்தான். கையில் ரப்பர் உறை, தோளில் கயிற்றுச் சுருள். மின்வாரிய ஆள்.

"இங்க யாராச்சும் ஜெனரேட்டர் போட்டிருக்கீங்களா? கம்பத்துல ஆள் ஏறியிருக்கு, இங்கேருந்து கரண்ட் ஏறினா அவருக்கு ஆபத்து. ஒவ்வொரு கதவா பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"ஜெனரேட்டருக்கு நாங்க எங்கய்யா போறது?" என்றார் பட்டறைக்காரர். "பேட்டரி லைட்டுகூடக் கிடையாது."

"அப்ப சரி," என்று திரும்பியவன் நின்றான். வெயிலில் மினுங்கும் சக்கரத்தைப் பார்த்தான். மேலே போகும் ஒயரைப் பார்த்தான். ரப்பர் உறையைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ராத்திரியே தெரு மொத்தத்துக்கும் கரண்ட்டை நிறுத்திட்டோமே, அப்ப இது எதுலங்க ஓடுது?"