நியூத்திரன் மாஸ்டரின் கழித்தல் கணக்கு

உலகத்திலேயே அணுக்கருவுக்குள் இருக்கும் ஒரு நியூத்திரனுக்காகப் பிழைப்பை விட்ட ஒரே மனிதர் திருகோணமலையில் எங்கள் உட்துறைமுக வீதியில்தான் இருந்தார். ரியூசன் கொடுக்கும் ரியூட்டரி ஒன்றில் பௌதிகம் படிப்பித்தவர். சொந்தப் பெயர் அவருடைய வீட்டாருக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் நியூத்திரன் மாஸ்டர். நான் அதே ரியூட்டரியில் இரசாயனம். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு தகரம்தான், ஆகவே அவருடைய பௌதிகமெல்லாம் எனக்கு இலவசம்.

உயர்தரப் பரீட்சைக்கு நியூத்திரனைப் பற்றி ஒரு வரி போதும்: மின்னேற்றம் இல்லை. மாஸ்டருக்கு அந்த வரியைக் கேட்டாலே பத்திக்கொண்டு வரும். மொத்தமாகக் கூட்டினால்தான் பூச்சியம், உள்ளே நேர் ஏற்றமும் மறை ஏற்றமும் இடம் பிரித்துக் குடியிருக்கின்றன, எது எங்கே என்று அளந்தே ஆகவேண்டும் என்பார். எப்படி அளப்பது? இலத்திரன்களை எறிந்து, அவை எந்தப் பக்கம் சிதறுகின்றன என்று பார்த்துத்தான். பிள்ளைகள் போன வருடங்களின் வினாத்தாளை, அதுதான் பாஸ்பேப்பரை, நீட்டுவார்கள். அவர் அதன் பின்பக்கத்தில் சிதறல் படம் கீறிக் கொடுப்பார்.

ஒருநாள் செய்முறை. பெட்சீற்றுக்குப் பின்னால் தன் சைக்கிளை மறைத்து வைத்தார். பிள்ளைகள் டென்னிஸ் பந்தை எறிந்து, அது திரும்பும் திசையை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நியூத்திரன் தனியே கனநேரம் நிற்காதாம். பார ஐதரசனுக்குள் புரோத்தனோடு சேர்த்துத்தான் பிடிக்கலாமாம். ஆகவே புரோத்தனுக்குப் பதிலாக ரியூட்டரி முதலாளியின் புது மோட்டார் சைக்கிளை உருட்டி வந்து சைக்கிளோடு கட்டினார். மோட்டார் சைக்கிளில் பட்டதைக் கழித்தால் மிச்சம் சைக்கிள் என்பது கணக்கு. கழித்துப் பார்த்தபோது ஹெட்லைட் மிச்சமில்லை.

முதலாளி நல்ல மனிதர், ஹெட்லைட்டை மன்னித்தார். பாஸ்பேப்பர் செய்வதில்லை என்று தாய் தகப்பன்மார் கூடி வந்து நின்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"உள்ளுக்க ஒண்டும் இல்லையெண்டு இவையளுக்கு முன்னால ஒருக்காச் சொல்லிப்போட்டுப் பாஸ்பேப்பரைச் செய்யுங்கோ, மாஸ்டர். வகுப்பு உங்களுக்குத்தான்," என்றார் முதலாளி.

மாஸ்டர் வெண்கட்டியை உருட்டிக்கொண்டு நின்றார்.

"கூட்டினாப் பூச்சியம் எண்டு சொல்லுறன். உள்ளுக்க ஒண்டும் இல்லையெண்டு சொல்ல ஏலாது."

அடுத்த கிழமை தகரத்துக்கு அந்தப் பக்கம் வேறொருவர் பாஸ்பேப்பர் செய்துகொண்டிருந்தார். ஒழுங்கான மனிதர், குறை சொல்ல முடியாது. எனக்குத்தான் அந்த அமைதி சகிக்கவில்லை. அப்படி ஒருவரை வைத்திருக்க எங்கள் ஊருக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

போன மாதம் மாஸ்டரை மூதூரில் கண்டேன். தன் மைத்துனரின் ஃபோன் கடையில் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தார். இப்போது படிப்பிப்பதில்லையா என்று கேட்டேன்.

"ஆருக்கு?" என்றார்.

கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் இருந்தேன். "எனக்குச் சொல்லுங்கோ, மாஸ்டர். உள்ளுக்க என்ன இருக்கு?"

சொன்னார். பாதிக்கு மேல் விளங்கவில்லை. திருகோணமலை பஸ் போவதைக் கண்டும் எழும்ப மனம் வரவில்லை.