பனிக்குள் கதகதப்பாக இருக்கும் குழாய்

அன்புள்ள ஆர்வோ சித்தப்பாவுக்கு,

2026 பிப்ரவரி 8, ஞாயிறு, பிற்பகல் 2.10. உங்கள் சமையலறைக் காற்றில் பத்து லட்சத்துக்கு நூற்றுப் பத்துப் பங்கு கார்பன் மோனாக்சைடு. நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. உங்கள் நலத்தை என் மீட்டரே சொல்லிவிட்டது. வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலையை அணைத்துவிட்டேன். ஜன்னல்களெல்லாம் திறந்து கிடக்கின்றன. கோட்டோடு உட்கார்ந்து எழுதுகிறேன். தலைவலியோடு இருந்த ஹெல்மி சித்தியைப் பக்கத்து வீட்டுக்காரர் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார். கூடப் போயிருக்க வேண்டிய நீங்கள் கோபித்துக்கொண்டு கொல்லைச் சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், தாழ் போட்டுக்கொண்டதால், இது கதவிடுக்கு வழியாக வரும்.

வீட்டைச் சுற்றி ஜன்னல் மட்டத்துக்குப் பனியை அணைத்துக் குவித்தால் குளிர் ஏறாது என்பது உங்கள் அப்பா காலத்து வழக்கம், சரி, அவர் எரித்தது விறகு, புகை கூரை வழியாகப் போனது, உங்கள் உலைக்குப் புகைக்குழாய் பக்கச் சுவரில் இருக்கிறது, அதையும் சேர்த்துப் புதைத்து மேலே மண்வெட்டியால் தட்டிக் கொடுத்தது முதல் மடத்தனம். ஜனவரியில் சமையலறையின் நச்சுவாயு அலாரம் கத்தியபோது, "குளிர் ஒத்துக்கல அதுக்கு" என்று கடையில் திருப்பிக் கொடுத்தீர்கள். இரண்டாவதைக் கம்பளிக் காலுறையில் சுற்றிக் கார் கொட்டகையில் வைத்து, "பாத்தியா, இங்க சமத்தா இருக்கு" என்றீர்கள். இன்று காலை மூன்றாவதோடு போனபோது கடைக்காரப் பெண், "மூணும் எப்படிங்க ஒரே மாதிரி கெட்டுப்போகும்?" என்று கேட்க, நீங்கள், "ஒரே கம்பெனிதானம்மா" என்றீர்களாம். சித்தியின் தலைவலிக்குக் காரணம் சர்ச் காப்பி என்றீர்கள். பூனை மூன்று வாரமாக விறகுக் கொட்டகையில் படுக்கிறது. இந்த வீட்டில் அதற்கு மட்டும்தான் சரியாக வேலை செய்யும் கருவி இருக்கிறது.

மத்தியானம் நான் கேட்டேன், "குழாய் எங்க சித்தப்பா?"

"பனிக்குள்ள கதகதப்பா இருக்கு."

"ரெண்டு பேரும் தூக்கத்துலயே போயிருப்பீங்க."

"வீட்டைக் கட்டினது எங்கப்பன்டா. நீ குழாய் மாட்ட வந்தவன். பேசாம போ."

போகமாட்டேன். இதைவிடப் பெரிய மடத்தனம் இந்த ஊரில் நடந்ததில்லை.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல காற்றையும், அடுத்தவன் சொல்வதைக் கேட்கும் காதையும் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்,
எய்னோ

பி.கு.: இதைக் கொடுக்க வரும் வழியில், தோண்டியெடுத்த குழாயை அளந்தேன். தரையிலிருந்து ஓரடி. நீங்கள் குவிக்காவிட்டாலும், கூரையிலிருந்து சரியும் பனியே மூடியிருக்கும். போன ஜூலைக் கோடையில், பனியனோடு நின்று, அதை மாட்டியவன் நான். "இன்னும் மேல வைடா" என்றீர்கள். "படிச்சது நானா நீங்களா?" என்றேன். மேலே மடத்தனம் என்று வரும் இடங்களில் என் பெயரைச் சேர்த்துப் படிக்கவும். இனி நான் செய்யப்போவது:

1. நீங்கள் தாழைத் திறக்கும்வரை இந்தக் கதவருகே நிற்பேன்.
2. திறந்ததும் உங்களைச் சித்தியிடம், அதே மருத்துவமனைக்கு, அழைத்துப்போவேன். வழியில் திட்டிக்கொள்ளலாம்.
3. குழாயை ஜன்னலுக்கு மேலே ஏற்றாமல் உலையைப் பற்றவைக்கமாட்டேன்.
4. அந்தக் கோடையில் இதே உயரத்தில் நான் குழாய் வைத்த வீடுகள் இன்னும் ஆறு. ஒவ்வொன்றுக்கும் போன் செய்வேன். முதல் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.