மூழ்கிய மீன் குடிலும் செவ்வாய்க்கிழமை வாக்கும்

எல்ம் பே,
ஞாயிற்றுக்கிழமை மாலை

மதிப்புக்குரிய ஆர்லோ பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் மாரிட் பணிவுடன் எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். லவோன் பெரியம்மாவின் முழங்காலும் உங்கள் வண்டியின் பாட்டரியும் இந்தக் குளிரைத் தாங்கிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். ஒரே தெருவைக் கடந்தால் உங்கள் வீடு, அப்படியிருக்கத் தபால்தலை ஒட்டி எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். நேரில் வந்தால் நீங்கள் காபி வேண்டுமா என்பீர்கள், நான் வேண்டாம் என்பேன், நீங்கள் மறுபடி கேட்பீர்கள், நான் மறுபடி வேண்டாம் என்பேன், மூன்றாவது முறை வாங்கிக் குடிப்பதற்குள் இருட்டிவிடும். வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிடுவேன்.

விஷயம் செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு. மினியாபொலிஸ் பெருநகரம் தேசியக் கால்பந்து இறுதிப் போட்டியை இன்னொரு முறை நடத்தக் கேட்கலாமா என்பதற்குச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் சம்மதம் சொல்லிவிட்டன. நம் ஊர் மட்டும் பாக்கி. போட்டிக்கு வருகிறவர்களுக்கான பனித் திருவிழாவை நம் ஏரியில் வைப்பதாகத் திட்டம் என்பதால், நாம் மறுத்தால் விண்ணப்பமே நொண்டியாகிவிடும் என்கிறார்கள். ஊர் மன்றத்தில் இரண்டு பேர் ஆம், இரண்டு பேர் இல்லை. ஐந்தாவது ஆள் நீங்கள். நீங்கள் எதிராக வாக்களிக்கப்போவதாக ஊரே சொல்கிறது, காரணமும் ஊருக்குத் தெரியும். அப்பா உங்களிடம் எதையும் கேட்க மாட்டார். ஆகவே நான் கேட்கிறேன்: தயவுசெய்து ஆம் என்று சொல்லுங்கள்.

பள்ளி விவாதத்துக்காக இதைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஊருக்கு வரும் என்று சொன்ன வருமானம் சொன்ன அளவுக்கு வருவதில்லை என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரயில் நிறையும், சாலை அடைக்கும், டிக்கெட் வாங்க வசதியுள்ளவர்கள் நம் தெருவில் யாரும் இல்லை. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு குளிர்காலத்துக்கு முன் போட்டி இங்கே நடந்தபோது நான் கண்ணால் பார்த்தவை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்கக்கூடக் கூச்சப்பட்டு எழுந்துபோய் எடுத்துக்கொள்கிறவர். அவர் தொண்டராகப் பெயர் கொடுத்து, மூக்கு உறையும் குளிரில் ரயில் நிலைய வாசலில் நின்று, முன்பின் தெரியாதவர்களைத் தானே கூப்பிட்டு வழி சொன்னார். அப்படிக் கிடைத்தவர்கள்தான் டெஸ்மண்டும் ரொசெட்டாவும். புளோரிடாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதி. பதிவு செய்திருந்த விடுதி அவர்களைக் கைவிட்டிருந்தது, டெஸ்மண்ட் மெல்லிய தோல் செருப்பு போட்டிருந்தார். அப்பா அவர்களை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அன்று சாயங்காலமே செய்தி பரவி, மறுநாள் காலையில் எங்கள் வாசல் முழுக்கப் பனிக்காலணிகள், எல்லா அளவிலும், ஒன்றிலும் பெயர் இல்லை. அவர் கால் அளவைக் கேட்பது அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவதாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை, அதனால் தெருவே தன்னிடம் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டது. பனி வாரும் வண்டியை ரொசெட்டா வாய்திறந்து பார்த்தார் என்பதற்காக, அந்த ஓட்டுநர் சுத்தமாக இருந்த எங்கள் தெருவை மறுபடி ஒரு சுற்று வாரிக் காட்டிவிட்டுப் போனார். இதுபோல ஓர் ஊரில் பிறந்திருக்கிறேன் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. திங்கட்கிழமை டெஸ்மண்ட் கோட்டைப் போட்டுக்கொண்டு, "அப்போ நாங்க கிளம்பறோம்" என்றார். அப்பா மரியாதை தெரிந்தவர். "என்ன அவசரம், இன்னும் காபி இருக்கே" என்றார். நம் ஊர்க்காரராக இருந்தால் இன்னும் இரண்டு முறை கிளம்புகிறேன் என்று சொல்லி, கதவருகே அரை மணி நேரம் நின்று, காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி இன்னும் கொஞ்சம் பேசி, பிறகு போயிருப்பார். டெஸ்மண்ட் கோட்டைக் கழற்றிவிட்டார். "இவ்வளவு வற்புறுத்திக் கேக்கறீங்க, மறுக்க மனசு வருமா?" என்றார். ரொசெட்டா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் சொந்த அண்ணன்கூட இப்படிச் சொன்னதில்லை என்று கண் கலங்கினார். செவ்வாயும் அதுவே நடந்தது. புதன் அம்மா முயன்றாள். உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷைப் பொட்டலம் கட்டி, வழியில் சாப்பிடலாம் என்று கொடுத்தாள். அதை அவர்கள் இங்கேயே சாப்பிட்டார்கள்.

அந்த வார இறுதியில்தான் அப்பா ஒரு நாள் பொழுதுபோக்காக உங்கள் மீன் குடிலை அவர்களுக்குக் காட்டினார். உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் காட்டினார், நீங்களும் "அதுக்கென்ன" என்றீர்கள். உறைந்த ஏரியின் நடுவே, தரையில் துளை போட்ட சின்ன அறைக்குள், கணப்படுப்பு ஓரம் கோட்டில்லாமல் வெறும் சட்டையோடு உட்கார்ந்து மீன் பிடிக்கலாம் என்பதை டெஸ்மண்ட் நம்பவே இல்லை. முதல் மீன் மாட்டியதும் நம்பிவிட்டார். பிறகு இருவரும் அங்கேயே குடியேறினார்கள். நீங்கள் கையால் இழைத்துக் கட்டிய பைன் மரப் படுக்கை, பெரியம்மா தைத்த திரைச்சீலை, எல்லாவற்றையும் ரொசெட்டா தினமும் துடைத்து வைத்தார் என்பதை நான் சாட்சியாகச் சொல்கிறேன்.

பிப்ரவரி கடைசியில், ஏரிப் பனி இளகுவதற்குள் குடிலைக் கரைக்கு இழுத்துப்போக நீங்கள் வண்டியோடு வந்தீர்கள். ரொசெட்டா உங்களை உட்கார வைத்து மீன் வறுத்துப் போட்டார். நீங்கள், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அடுத்த வாரமும் வந்தீர்கள், அடுத்த வாரமும் சும்மா பார்த்துவிட்டுப் போனீர்கள். குடில்களை ஏரியிலிருந்து எடுக்கவேண்டிய சட்டக் கெடு முடிந்து மீன்வள அதிகாரி வந்தார். அவரும் நம் பக்கத்து மனிதர். நல்ல மீன் என்று பாராட்டி, இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டு, பனி கொஞ்சம் மெலிந்ததுபோல் தெரிகிறது என்று பொதுவாக வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் புளோரிடாவில் பேத்தி பிறந்த செய்தி வந்து அவர்கள் உண்மையாகவே கிளம்பினார்கள். எங்கள் கூடத்துக் கதவருகே விடைகொடுக்க நின்றோம். குடிலை இழுக்க வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களும் நின்றீர்கள். அப்பா என்ன அவசரம் என்றார், டெஸ்மண்ட் உட்கார்ந்தார், எழுந்தார், ரொசெட்டா எல்லோரையும் கட்டிக்கொண்டார், பிறகு முதலிலிருந்து மறுபடி கட்டிக்கொண்டார். நடுவில் கிளம்பினால் மரியாதையில்லை என்று நீங்கள் நகரவில்லை. அங்கே ஜன்னலிலிருந்து ஏரி தெரியும். குடில் ஒரு பக்கமாகச் சாய்ந்ததை நீங்கள் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். புகைக்குழாய் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. நீங்கள், "இது கொஞ்சம் வேற மாதிரியில்ல இருக்கு" என்றீர்கள். நீங்கள் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அதிலிருந்து நீங்களும் அப்பாவும் சரியாகப் பேசுவதில்லை. சாலையில் எதிரெதிரே வந்தால் முன்பெல்லாம் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவீர்கள், இப்போது ஒன்றுதான். அப்பா வாய்திறந்து சொல்லவில்லை, ஆனால் அவருக்கு அது எப்படியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் வாக்கு எதிராக விழுந்தால், தான் விருந்தாளிகளை வீட்டுக்கு அழைத்து வந்ததே தப்பு என்று அண்ணன் ஊர் அறியச் சொன்னதாக அவர் எடுத்துக்கொள்வார். அந்த ஒரு விரலும் போய்விடும். தொண்டர் தொப்பியை இன்னும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள், பெரியப்பா. குடில் போனது உண்மை. ஆனால் முன்பின் தெரியாத இருவருக்காக, தன் கையால் கட்டிய குடில் மூழ்கும்வரை மரியாதையாக நின்ற மனிதர் வேறு எந்த ஊரில் இருக்கிறார்? என் விவாதக் கட்டுரையின் முடிவில் உங்களைத்தான் எழுதியிருக்கிறேன், பெயர் சொல்லாமல். எங்கள் ஆசிரியை ஓரத்தில் "நம்ப முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார். அவர் சிகாகோவிலிருந்து வந்தவர்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் இந்தக் குளிர்காலம் வழுக்காமல் கழியட்டும்.

என்றும் உங்கள் பிரியமுள்ள,
மாரிட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் டெஸ்மண்ட் அப்பாவிடம் தொலைபேசியில் பேசினார். இங்கே மறுபடி போட்டி வரலாம் என்று கேள்விப்பட்டாராம். வந்தால் நவம்பரிலேயே வந்துவிடுவதாகவும், இந்த முறை ரொசெட்டாவின் மூன்று தங்கைகளும் அவர்கள் குடும்பங்களும் கூட வருவதாகவும், தொந்தரவாக இருக்குமா என்றும் கேட்டார். அப்பா, "அதுக்கென்ன, பாத்துக்கலாம்" என்றார். வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, தயவுசெய்து இல்லை என்று வாக்களியுங்கள். அப்பா வருத்தப்பட மாட்டார், அவரே எழுதச் சொன்னார். இரண்டு விரலையும் தூக்குவதாகச் சொல்கிறார். அம்மா மட்டும் இதை எழுதிப் பிரயோஜனம் இல்லை என்கிறாள். இடம் போதாவிட்டால் அண்ணனையும் கேட்டுப் பாருங்கள் என்று அப்பா டெஸ்மண்டிடம் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டாராம். எதிர்வீட்டு ஜன்னலில் நீங்கள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. நீங்கள் தலையாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.