உன் அம்மாவுக்கு அரைப்பேர் போட்ட விபரம்

கீழ்ப்பிரிவு லயம்,
நல்லதண்ணி.
வியாழன் காலை.

அன்பு மகள் சர்மிளாவுக்கு அப்பா செல்லசாமி எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் கொழும்பில் சுகமாக இருக்க மாரியம்மாளை வேண்டுகிறோம். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள், அதனால் எழுதிவிட்டேன். இனி உள்ளபடி எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் உன் அம்மாவின் இடது கையில் இருக்கிறது. காலையில் எடுத்தால் படுக்கும்வரை தருவதில்லை. நான் பேசினாலும் அவள் காதிலும் விழுகிற மாதிரி சத்தமாக வைத்துத்தான் பேச வேண்டுமாம். போன ஞாயிறு நீ பேசும்போது, நாற்பது நோயாளிக்கு இரண்டு நர்ஸ், இரண்டு டியூட்டி சேர்த்துப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் தூங்கிப்போனாய். நாங்கள் போனை வைக்காமல் பத்து நிமிசம் உன் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருக்கிறது, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும், மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொன்னாய். தேடினேன் மகளே. தகரப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன், பாயை உதறித் தேடினேன், அரிசி வாளிக்குள் கையை விட்டும் தேடினேன். கிடைக்கவில்லை. கந்தோரில் புதிதாக ஒன்று எடுக்கலாம் என்றாய். அதற்கு லீவு வேண்டும், லீவு கேட்டால் வார்டில் ஆளில்லை என்று மேட்ரன் அழுகிறார் என்றும் நீதான் சொன்னாய். ஆக, எந்தப் பக்கம் பார்த்தாலும் போக முடியாதபடிதான் அமைந்திருக்கிறது. நான் தடுக்கவில்லை. இங்குள்ள நிலைமையை மட்டும் எழுதுகிறேன், முடிவு உன்னுடையது.

ஆறு மாதத்துக்கு முன் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, பெண்கள் வார்டில் ஆம்பிளை நிற்கக்கூடாது என்று என்னை வெளியே அனுப்பியது உனக்குத் தெரியும். முப்பத்து நாலு வருசம் குடும்பம் நடத்தியவன் கேட்டுக்கு வெளியே நின்றேன், மாதர் சங்கத் தலைவி பூரணி வேலையை விட்டுவிட்டு வந்து உள்ளே நின்று பார்த்தாள். வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு எல்லாம் என் பொறுப்பு. எனக்கு நர்ஸ் வேலை தெரியாது. முப்பது வருசம் கங்காணியாக இருந்தவனுக்குத் தெரிந்தது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுப்பது ஒன்றுதான். அதனால் ஆறு மணிக்கு மாத்திரைகளைத் தட்டில் வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுக்கிறேன். ஒருநாள் ரோஸ் நிற மாத்திரை வரிசையில் நின்றது, அவள் விழுங்கிய பிறகு பார்த்தால் தலையணைக்குக் கீழேயும் ஒன்று இருந்தது. கேட்டால், "அது நேத்துப் பேருங்க" என்கிறாள்.

அடுத்தது கைப்பயிற்சி. வலது கை விரல்களைச் சுவரில் வைத்து எறும்பு ஏறுகிற மாதிரி மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும், தினமும் இருபது தடவை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் மூன்று கோடு போட்டேன். கீழ்க்கோடு இடுப்பு உயரம், நடுக்கோடு நெஞ்சு உயரம், மேல்கோடு கோயில் கலண்டர் தொங்குகிறதே, அதற்குச் சற்றுக் கீழே. அம்மாவின் விரல் நடுக்கோட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஏறாது, ஏறவே ஏறாது, இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். போன திங்கட்கிழமை பத்துத் தடவையோடு நிறுத்திவிட்டாள். நான் ஏதோ பழக்கத்தில், பயிற்சிக் கணக்கு எழுதுகிற கொப்பியில் அரைப்பேர் என்று எழுதிவிட்டேன். கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளம் எழுதுவோமே, அந்த அரைப்பேர்தான்.

அதைப் பார்த்தாள் பார், அன்றிலிருந்து வேலைநிறுத்தம். மாத்திரை கிடையாது, பயிற்சி கிடையாது, என்னோடு பேச்சும் கிடையாது. இடது கையால் போனை எடுத்துப் பூரணியைக் கூப்பிட்டுவிட்டாள். பூரணி வேலைக்குப் போக இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நோவுல கெடக்கிறவளுக்கு அரப்பேரு போட்ட ஆளு இந்தத் தோட்டத்துலயே இவரு ஒருத்தருதான்," என்றாள் உன் அம்மா. நாக்கு இன்னும் கொஞ்சம் குழறுகிறது, ஆனால் இதை மட்டும் சுத்தமாகச் சொன்னாள்.

"ஏங்க கங்காணி, வீட்டுல பேரு போடச் சொல்லி ஒங்களுக்கு யாரு எழுதிக் குடுத்தா?" என்றாள் பூரணி.

"அவ நல்லதுக்குத்தானே எழுதினேன்."

"எங்களுக்கும் அப்பிடித்தான் சொல்லுவீங்க."

மூன்று கோரிக்கை வைத்தார்கள். ஒன்று, அரைப்பேரை அடிக்க வேண்டும். இரண்டு, மாத்திரை கொடுக்கும்போது பெரட்டுக் குரலில் கத்தக்கூடாது. இரண்டையும் அங்கேயே ஒப்புக்கொண்டேன். மூன்றாவது கோரிக்கை வீட்டு விஷயம், அது உனக்குத் தேவையில்லை. அதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஆனாலும் அடுத்த நாள் கிளினிக் என்பதால் போராட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள்.

கிளினிக் போன கதையையும் கேள். இப்போது மலைக்குப் போகிற காலம் அல்லவா, பஸ்ஸெல்லாம் யாத்திரை முடித்துத் திரும்புகிறவர்கள். அம்மாவை ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் கம்பும் தாங்கிப் பஸ்ஸில் ஏற்றினோம். ஒரு சிங்களத்து அம்மா பார்த்துவிட்டு, இந்த நிலைமையிலும் மலை ஏறி இறங்கியிருக்கிறாளே என்று கண் கலங்கி, எழுந்து இடம் கொடுத்து, கையில் நூலும் கட்டிவிட்டார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். உன் அம்மா கம்பால் என் காலில் குத்தினாள். ஹட்டன் வரைக்கும் புண்ணியவதியாகவே வந்தாள்.

கிளினிக்கில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பிரியந்தி என்று ஒரு நர்ஸ் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், தனி ஆளாகப் பிரஷர் பார்க்கிறது, புண்ணுக்கு மருந்து கட்டுகிறது, பேர் கூப்பிடுகிறது, திட்டும் வாங்குகிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்துப் போயிருந்தது. நானும் திட்டத்தான் எழுந்து போனேன். போன இடத்தில் என்ன நினைத்தேனோ, அந்தக் கிளினிக் கொப்பிகளை வாங்கி, எல்லாரையும் இரண்டு வரிசையாக நிறுத்தி, தமிழிலும் சிங்களத்திலும் பெரட்டு எடுத்துவிட்டேன். தோட்டத்தில்கூட ஆட்கள் எனக்கு அப்படிக் கட்டுப்பட்டதில்லை. இரண்டு மணிக்குத்தான் அந்தப் பிள்ளை ஒரு வாய் தண்ணீர் குடித்தது. என் மகளும் நர்ஸ்தான் என்று சொன்னேன். தானும் வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளின் புண் கட்டை அவிழ்க்கத் தொடங்கியது.

இந்தப் பிள்ளையும் போய்விட்டால் உன் அம்மாவுக்கு யார் பிரஷர் பார்ப்பது? நீ போனால் உன் வார்டில் மிஞ்சுகிற ஒருத்தி என்ன செய்வாள்? எனக்கு அறுபத்தைந்து வயது. போன வாரம் அம்மாவைக் குளிக்க வைக்கும்போது வழுக்கி நானும் விழுந்தேன். இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாமல் தரையில் கிடந்து சிரித்தோம். அவள் சிரித்தது உண்மை, நான் சும்மா சிரித்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. நீ கொழும்பில் இருந்தால் ஒரு பஸ் தூரம். இங்கிலாந்து எத்தனை பஸ் தூரம் என்று எனக்குத் தெரியாது. நான் தடுக்கவில்லை. பத்திரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கடவுள் விட்ட வழி என்று நினைத்துக்கொள்.

மேட்ரன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. நின்றுகொண்டு தூங்காதே. மாரியம்மாள் உன்னை ஒரு நோய் நொடி அண்டாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
செல்லசாமி.

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தால் உன் அம்மா சுவரோரம் நிற்கிறாள். இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருக்கிறாள். வலது கை விரல்கள் நடுக்கோட்டைத் தாண்டி, மேல்கோட்டையும் தாண்டி, கலண்டரின் அடியில் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. நான் பிடிக்கப் போவதற்குள் கலண்டர் ஆணியோடு கீழே விழுந்தது. அதன் பின்னால் நான் சொருகி வைத்திருந்த உன் பத்திரமும் விழுந்தது. தேடினேன் என்று மேலே எழுதியது பொய். அவள் கைக்கு எட்டாது என்றுதான் அங்கே வைத்தேன்.

"ஒளிக்கிற எடமாங்க அது? படுத்துக் கெடக்கிறவ கண்ணுக்கு நேரா வச்சிட்டு" என்றாள். எல்லாம் தெரிந்தும் ஏன் உன்னிடம் போனில் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களா எடுத்துக் குடுப்பீங்கன்னு பாத்தேன். குடுக்கல. அதான் நானே பழகிக்கிட்டேன்" என்றாள். நான் விறகு எடுக்கப் போகிற நேரமெல்லாம் தனியாகப் பயிற்சி செய்திருக்கிறாள், வேலைநிறுத்தத்திலும்கூட. மூன்றாவது கோரிக்கை இந்தப் பத்திரம்தான்.

பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கொப்பியைக் காட்டி, "முழுப் பேரு போடுங்க" என்றாள். போட்டேன்.

உறையைக் கிழித்துப் பத்திரத்தை வைத்திருக்கிறேன். மேலே எழுதியதை மாற்றி எழுத நேரமில்லை, தபால் போகிற பஸ் வரப்போகிறது, அதை நீ கணக்கில் எடுக்காதே. நீ போய் வா மகளே. போகிற இடத்தில் யாராவது பாதி வரைக்கும்தான் கையைத் தூக்கினார்கள் என்றால், அரைப்பேர் போட்டுவிடாதே.