கபிரியேல் மாமா வீட்டுத் தடுப்பூசி முகாமும் என் மைக் குரலும்

நல்ல குரல் என்று யாராவது ஒருவனைப் பாராட்டிவிட்டால், அதற்குப் பிறகு அவன் கையில் மைக் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு. என் விஷயத்தில் முத்தியால்பேட்டை அசந்துவிட்டது.

கொரோனாவுக்குத் தடுப்பூசி வந்த சமயம். ஊசி போட்ட பள்ளிக்கூடத்தில் ஏகப்பட்ட படிகள். நடக்க முடியாத வயசானவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் எப்படி ஏறுவார்கள்? தெருக்காரர்கள் சேர்ந்து நர்ஸம்மாவிடம் போய்க் கேட்டோம். "எல்லாரையும் ஒரே வூட்ல சேத்து வையுங்க, நானே வந்து போட்டுட்டுப் போறேன்" என்றார். அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.

படி இல்லாத வீடு கபிரியேல் மாமாவுடையதுதான். மாமா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து படுத்த படுக்கை, பஞ்சுத் தூசியில் நுரையீரலும் பாழ். "இது மட்டும் வந்துச்சுன்னா இவரு தாங்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு அந்தோணி" என்று அவர் மனைவி லூர்து அத்தை என்னிடம் அழுதார். மாமாவோ ஊருக்கு ஊசி போட வீட்டைக் கொடுத்தார், தனக்கு மட்டும் வேண்டாம் என்றார்.

"இங்க பாரு முசே, நான் படுத்ததுலேர்ந்து இந்த வூட்டுக்கு ஒருத்தன் வரல. கூடப் பொறந்தவளே வரல. கொரோனா மட்டும் வழி கேட்டுக்கினு வந்துடப் போவுதா?" (பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி எவ்வளவோ காலமாகியும், 'ஐயா' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'முசே' மட்டும் அவர் வாயிலேயே தங்கிவிட்டது.)

நாளைக்கு நர்ஸம்மா எதிரே வந்து நின்றால் மனசு மாறும் என்று அத்தையைத் தேற்றிவிட்டுக் கிளம்பினேன்.

முகாமைப் பற்றி ஊருக்குச் சொல்ல, மைக் செட் கட்டிய ஆட்டோ ஒன்றைப் பிடித்திருந்தோம். அதன் டிரைவர் செல்வத்துக்குப் பிழைப்பே சாவு அறிவிப்புதான். இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பனார் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகும் வண்டி. தெரிந்துமா ஏறினாய் என்று கேட்காதீர்கள். ஒரு மனிதரைப் பற்றி மைக்கில் மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே முறையும் அதுதான்.

"லூர்துமேரியின் அன்புக் கணவரும், ஓய்வுபெற்ற மில் தொழிலாளியுமான கபிரியேல் அவர்களின் இல்லத்தில், நாளைக் காலை பத்து மணியளவில்..." என்று குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன் (உருக்கம் வேண்டாமா?). ஊசி விஷயம் அதற்குப் பிறகுதான் வரும். அதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குத் திரும்பியிருக்கும். நான் மூச்சு வாங்கிய இடங்களில் செல்வம் பழக்கதோஷத்தில் சோக நாயனத்தைப் போட்டுவிட்டார். பொருத்தமாக இருக்கிறது என்று அவரைப் பாராட்டியது சாட்சாத் நான்தான். பெண்கள் வாசலுக்கு வந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள். எல்லாம் என் குரலின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மாமா வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. முகாமுக்கு இவ்வளவு கூட்டமா என்று உள்ளம் குளிர்ந்தது. அப்புறம்தான் மில் நண்பர்கள் கையிலிருந்த மாலைகளைப் பார்த்தேன். ஐஸ் பெட்டிக்காரர் ஒருவர், "எங்க எறக்கறது சார்?" என்று என்னிடமே கேட்டார். அத்தை பார்த்த பார்வையில் அந்தப் பெட்டி எனக்குத்தான் என்று புரிந்தது.

அந்த நேரம் பார்த்து, யாரோ போனில் சொன்ன சேதி கேட்டு நோணாங்குப்பத்திலிருந்து மாமாவின் தங்கை பிலோமினா வந்து இறங்கினார். ஏதோ கல்யாணப் பந்தியில் தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று அண்ணனோடு பேச்சை நிறுத்தியவர். "அண்ணே, என்ன வுட்டுட்டுப் போயிட்டியே" என்று கட்டிலில் விழுந்தார்.

மாமா கண்ணைத் திறந்தார். "எங்கடி போனேன்? இங்கதான படுத்துக் கெடக்கறேன்."

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. ஓடலாம் என்றால் வாசலை ஐஸ் பெட்டி அடைத்திருந்தது. பிலோமினா என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இரண்டு பேரும் அழுதார்கள். நானும்தான் அழுதேன், அதில் பாதி பயம்.

ஐஸ் பெட்டியை நகர்த்தச் சொல்லிவிட்டு நர்ஸம்மா ஊசிப் பெட்டியோடு உள்ளே வந்தார். சக்கர நாற்காலியில் வந்த சாந்தி அக்கா மாலைக்காரர்களை விலக்கி, "வழி வுடுங்க, உசுரோட இருக்கறவங்களுக்குத்தான் மொதல்ல" என்றார். மாமா அறை முழுக்க நின்ற ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னா முசே, ஊரையே கூட்டியாந்து எம்மேல மூச்சு வுட வச்சிட்டியே. இனிமே போட்டுக்கினுதான் ஆவணும். குத்தச் சொல்லு."

லூர்து அத்தை ஓடி வந்து மாமாவின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். துக்கத்துக்கு வந்த மில் நண்பர்களும், பிலோமினாவும் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த அலையில் மாமாவுக்குக் கொரோனா வரத்தான் வந்தது. காய்ச்சலும் இருமலுமாக வாட்டிவிட்டு, ஆளை விட்டுவிட்டுப் போய்விட்டது. நர்ஸம்மாவுக்கும், சோக நாயனம் போட்ட செல்வத்துக்கும், மாலையோடு ஓடி வந்த அத்தனை பேருக்கும் நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். பிலோமினா இப்போது ஞாயிறு தவறாமல் மீனோடு வருகிறார்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் மைக்கைக் கண்டாலே என் மனைவி ஓடிப்போய் ஒளித்துவைக்கிறாள். கேட்பவர்களுக்கெல்லாம் காரணமும் சொல்லிச் சிரிக்க வைக்கிறாள். கபிரியேல் மாமா மட்டும்தான் என் கட்சி. "நான் நெசமாவே போற அன்னிக்கும் நீதான் சொல்லணும் முசே. ஒருத்தனும் நம்ப மாட்டான், லூர்துக்குக் காப்பி போடற வேல மிச்சம்" என்பார்.

சரி மாமா என்று தலையாட்டுவேன். அவருக்காக நான் கோயிலில் வேண்டிக்கொள்வதெல்லாம், அந்த வேலை மட்டும் எனக்கு வரவே கூடாது என்றுதான்.