தாத்தாவின் குறை கேட்கச் சனிக்கிழமை வருகிறார்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் எல்லோரும் நலம் என்று எழுத வேண்டுமாம். அதனால் நலம். இனி உண்மையை எழுதுகிறேன். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். கூடத்தில் அம்மா விடைத்தாள் திருத்துகிறாள். போனில் சொல்லலாம் என்றால் போன் அவளிடம் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லலாம் என்றால் அப்பாவும் அவள் பக்கம்தான் இருக்கிறார்.

அம்மா கல்லூரியில் சமூகப்பணி மாணவர்களுக்கு முதுமையைப் பற்றிப் பாடம் எடுப்பது உங்களுக்குத் தெரியும். காதில் பஞ்சு வைத்து, எண்ணெய் தடவிய கண்ணாடி மாட்டி, மாடிப்படி ஏறவைத்து, வயதானால் எப்படி இருக்கும் என்று காட்டுவாள். முதலில் என்னைத்தான் ஏறவைத்துப் பார்த்தாள். இந்த முறை மாணவர்கள் ஆளுக்கொரு முதியவரைத் தேடிப் பிடித்து, குறுக்கே பேசாமல் ஒரு மணி நேரம் அவர் குறையைக் கேட்டு எழுத வேண்டும். அவர் யார், எந்த வீடு என்று மேடமான தன்னிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். கல்லூரிக்கு எதிர்ப் பூங்காவில் சாயங்காலம் தவறாமல் அகப்படுகிற முதியவர் யார்? நம் தாத்தா.

முதலில் வந்த அண்ணனிடம் தாத்தா உண்மையைத்தான் சொன்னார். "எனக்கு என்னப்பா குறை? ஒண்ணுமில்ல." அந்த அண்ணன் முகம் வாடிவிட்டது. "ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. குறை இல்லன்னா மேடம் மறுபடி எழுதச் சொல்வாங்க." தாத்தா பஸ் கண்டக்டராக இருந்தவர் அல்லவா, கை நீட்டியவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லை. மூட்டுவலி ஒன்றைக் கொடுத்தார். மறுநாள் வந்தவருக்கு அதையே கொடுக்க முடியாதே என்று மறதியைக் கொடுத்தார். அதற்கடுத்து வந்தவருக்கு, வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு துரத்திவிட்ட மகனைக் கொடுத்தார். மாமா, கோபப்படாதீர்கள், அது நீங்கள். கடைசியாக ஓர் அக்கா வந்தார், குரலே வெளியே வராத அக்கா. அவர் மேல் பரிதாபப்பட்டு, ஃபிரிட்ஜைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் மகளையும், யாருக்கும் தெரியாமல் ரொட்டி கொண்டுவந்து கொடுக்கும் பேத்தியையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். பேத்தியான நான் பக்கத்தில்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அக்கா என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அழுதார்.

நேற்றுச் சாப்பிடும்போது அம்மா, "ஒரு பெரியவர், பாவம், சொந்த மகளே ஃபிரிட்ஜைப் பூட்டி வைக்கிறாளாம்" என்றாள்.

"அடிப்பாவி! அவ நல்லா இருப்பாளா?" என்றார் தாத்தா.

"அப்பா, குறுக்கே பேசாதீங்க. எனக்கு மனசே ஆறல. யாருன்னு கேட்டா, 'சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க'ங்கிறா அந்தப் பொண்ணு. கடைசியில, 'சொல்ல மாட்டேன், வேணும்னா கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்'னா. சனிக்கிழமை முதியோர் நல அதிகாரியோட போறோம். அந்த மகளை நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்."

அந்த அக்காவுக்கு நம் பச்சை கேட்டைப் பூங்காவிலிருந்தே தாத்தா கைகாட்டியிருக்கிறார். அம்மா அதிகாரியோடு வந்து தன் வீட்டு மணியைத் தானே அடிப்பாள். அப்புறம் கல்லூரியில் எப்படித் தலை நிமிர்வாள்? தாத்தாவிடம் கேட்டால், "எல்லாம் பொய்யில்லம்மா. உங்கம்மா ஊருக்கெல்லாம் காது கொடுத்துட்டு வர்றா. வீட்டுக்கு வந்து சேர்றப்போ காது தீர்ந்துபோயிடுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குப் பயந்து பயந்தே அலுத்துப்போய்விட்டது மாமா. நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் வந்து தாத்தாவை ஒரு வாரம் உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். முதியவரே இல்லாத வீட்டில் அதிகாரி என்ன செய்வார்?

அத்தைக்கு என் வணக்கம். குட்டிப் பாப்பாவுக்கு முத்தம். எனக்கு ஆசீர்வாதம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு,
வாளிமேல் உட்கார்ந்திருக்கும் உங்கள் மருமகள்

பின்குறிப்பு: தாத்தா கதவைத் தட்டி, கடிதத்தை வாங்கி முழுவதும் படித்துவிட்டார். நீங்கள் வந்து கூட்டிப் போக வேண்டாமாம். "உங்கம்மா பேனாவும் கையுமா, குறுக்கே பேசாம, ஒரு மணி நேரம் எங்கிட்ட உக்காரப்போறா. அதைக் கெடுக்கப் பாக்குறியே!" என்கிறார். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குப் போடச் சொல்லிவிட்டார். முடிந்தால் நீங்களும் சனிக்கிழமையே வர வேண்டுமாம். துரத்திவிட்ட மகனையும் பார்த்து ரொம்ப நாளாகிறதாம்.