புதன்கிழமைப் பேரவை

உலக மருத்துவ வரலாற்றை இனிமேல் கீழ்வேளூருக்கு முன், கீழ்வேளூருக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். சோதனைச்சாலை கட்டி விஞ்ஞானிகள் நூறு வருஷம் திணறியதை, ஆளுக்கொரு கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒரே மழைக்காலத்தில் 'ஆராய்ந்து' முடித்த ஊர் இது. ஆராய்ச்சியின் முடிவில் 'ஊசியில்லாப் பெற்றோர் பேரவை' பிறந்தது. எங்கள் பிள்ளைக்குத் தடுப்பூசி போட மாட்டோம் என்று பன்னிரண்டு பெற்றோர் கையெழுத்திட்டார்கள்.

செயலாளர் இளம்பரிதி, கடைத்தெருவில் விதை, உரக் கடை வைத்திருப்பவர். விதையில் மருந்து கலந்து நேர்த்தி செய்யாமல் நாற்று விடப் போகும் விவசாயியைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "நோய் வந்தப்புறம் மருந்தடிச்சு என்னங்க புண்ணியம்? முன்னாடியே காப்பு கொடுத்துடணும்" என்று பாடம் நடத்துவார். அது நெல்லுக்கு. ஒன்றரை வயது மகள் எழில்மொழிக்கு மட்டும் இயற்கையே எதிர்ப்புச் சக்தி தரும்.

"அந்த இயற்கை ஏங்க நெல்லுக்கு வரமாட்டேங்குது?" என்று மனைவி ஆனந்தவல்லி ஒருநாள் கேட்டாள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி என்பதால் அது தள்ளுபடியானது.

அரசாங்கம் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடுவதால், புதன்தோறும் காலை பத்து மணிக்குக் கண்டனக் கூட்டம் என்று அறிவித்தார் இளம்பரிதி. பாவம், மற்றவர்களுக்கு அன்றைக்குத்தான் வேலை முளைத்தது. பொருளாளர் சித்தீக்கின் கடையில் சரக்கு இறங்கும். தலைவர் தமிழ்மாறனின் தாராசுரத்துச் சித்தப்பா செத்துப்போவார். ஒரே சித்தப்பா மூன்று புதன்கிழமை செத்தார். இளம்பரிதி தனியாக முன்மொழிந்து, தனியாக வழிமொழிந்து, பதினாறு கண்டனத் தீர்மானங்களை 'ஏகமனதாக' நிறைவேற்றினார்.

பதினேழாவது புதன் காலை எழில்மொழிக்குக் காய்ச்சல் கொதித்தது. முகமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. இளம்பரிதி பைக் சாவியை எடுத்தார். ஆனாலும், உள்ளூர் சுகாதார நிலையத்தில் யாராவது பார்த்துவிட்டால் பேரவையின் மானம் என்னாவது? ஆற்றைத் தாண்டி, தெரிந்த முகமே இல்லாத ஊருக்கு பைக்கை விட்டார். பின்னால் பிள்ளையை அணைத்தபடி ஆனந்தவல்லி.

அங்கே சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தது பேரவை. ஏழு பேர். மடியில் பிள்ளை, கையில் தடுப்பூசி அட்டை.

"வாங்க செயலாளரே, நீங்களும் வந்துட்டீங்களா?" என்றார் தமிழ்மாறன் நிம்மதியாக. "மத்த நாலு பேரும் போன வாரமே போட்டுட்டாங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

"கையெழுத்துப் போட்டீங்களேய்யா!"

"அது கொள்கைங்க. இது புள்ளை."

நர்ஸ் அனீஸா ஓடி வந்தார். "தட்டம்மைங்க இது. கைக்குழந்தைங்க இருக்கு, வரிசையை விட்டுத் தள்ளி நில்லுங்க. ஒம்பது மாசத்து ஊசி போட்டீங்களா?"

பதினாறு தீர்மானம் எழுதியவரை முந்திக்கொண்டு, "இல்லைங்க" என்றாள் ஆனந்தவல்லி.

"மூச்சு வாங்குது பாருங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போயாகணும், ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்."

ஆம்புலன்ஸ் வந்தது. பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு ஏறிய ஆனந்தவல்லி, பின்னாலேயே ஏறப்போனவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"அவங்கல்லாம் புதன்கிழமை ஒருநாளாவது அப்பாவா இருந்திருக்காங்க. நீங்க ஏழு நாளும் செயலாளராவே இருந்துட்டீங்களே."